வாசலில் கொடுக்கும் விவரம் யாருக்குச் சொந்தம்?

ஓசூருக்கு வேலை தேடி வருகிற ஒருவர் முதலில் கொடுப்பது உழைப்பை அல்ல. விவரத்தைத்தான் கொடுக்கிறார்.

பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், செல்போன் எண், ஆதார் எண், பாங்கிக் கணக்கு எண். அத்துடன் இரண்டு போட்டோ. பிறகு விரலைக் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். கைரேகை பதிகிறது. சில ஆலைகளில் முகத்தையும் கருவிக்குக் காட்ட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் வேலை.

வேலை கிடைத்ததும் தங்க இடம் வேண்டும். விடுதிக்காரரும் அதே விவரங்களைக் கேட்கிறார். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று அவரிடம் போகிறது. தவணையில் செல்போன் வாங்கினால் கடைக்காரருக்கு ஒன்று. சிறு கடன் வாங்கினால் கடன் கம்பெனிக்கு ஒன்று. வேலைக்குச் சேர்த்துவிட்ட காண்டிராக்டர் தம்முடைய செல்போனிலேயே எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக் கொள்கிறார்.

ஒரு வருடம் கழித்து அந்தத் தொழிலாளியிடம், "உன் விவரம் எத்தனை பேர் கையில் இருக்கிறது?" என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது.

வீட்டுப் பத்திரத்தை யாரிடமாவது கொடுத்தால் யாரும் மறக்க மாட்டார்கள். நகையை அடகு வைத்தால் ரசீதைப் பத்திரப்படுத்துவார்கள். ஆனால் கைரேகையைக் கொடுத்ததற்கு ரசீது இல்லை. ஆதார் நகலைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் இல்லை.

இந்த வழக்கம் மாற வேண்டும்.

எல்லையில் ஒரு தொழில் நகரம்

தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட் 1971ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் பிறகு ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக ஆலைகள் வந்தன. இன்று செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டர்களும் இந்த மாவட்டத்தில் தயாராகின்றன.

2004ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2019ஆம் ஆண்டு ஓசூர் மாநகராட்சி ஆயிற்று.

ஜுஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். பெங்களூர் நகரம் சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருகிறவர்களும் உண்டு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கலந்து பேசும் ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் கேட்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது. கிராமத்தில் "இன்னார் மகன்" என்றால் போதும். இங்கே காகிதம்தான் ஆளை அடையாளம் காட்டுகிறது. ஆகவே விவரம் கேட்பது தவறு என்று சொல்லிவிட முடியாது.

கேட்ட விவரத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நீதிபதி தொடுத்த வழக்கு

இந்தக் கேள்வியைச் சுப்ரீம் கோர்ட்டு வரை கொண்டுபோனவர் ஒரு முதியவர். அவரும் தூரத்து ஊர்க்காரர் அல்ல. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் வாழ்ந்தவர்.

அவர் பெயர் கே.எஸ்.புட்டசாமி. கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012ஆம் ஆண்டு அவர் வழக்குப் போட்டார். அப்போது அவருக்கு வயது 86.

அந்த வழக்கில் ஒரு அடிப்படைக் கேள்வி எழுந்தது. "தன் சொந்த விஷயத்தைத் தன்னிடமே வைத்துக் கொள்ளும் உரிமை இந்தியக் குடிமகனுக்கு உண்டா?" என்பதே அந்தக் கேள்வி.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். "உண்டு. அது அடிப்படை உரிமை" என்பது தீர்ப்பு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு அளிக்கும் 21ஆவது பிரிவிலேயே அது அடங்கியிருக்கிறது என்றார்கள்.

அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 26ஆந் தேதி, ஆதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆதார் திட்டம் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினார்கள். ஆனால் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்டு வாங்க இடம் கொடுத்த வாசகத்தை ரத்து செய்தார்கள்.

புட்டசாமி 2024ஆம் ஆண்டு அக்டோபரில், 98ஆவது வயதில் காலமானார். அவர் தொடுத்த வழக்கின் பலன் ஓசூர் ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளிக்கும் உரியது. ஆனால் அது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆந் தேதி அதற்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. அதன் பெயர், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

பெயர் நீளம். பொருள் எளிது. தரவு என்றால் விவரம். கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒருவருடைய விவரத்தை வைத்திருக்கும் கம்பெனி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

அதன் முக்கியமான அம்சங்கள் இவை:

சம்மதம் கேட்க வேண்டும். என்ன விவரம், எதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும். வற்புறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது.

தமிழில் கேட்க வேண்டும் என்றால் தமிழில் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதை வேண்டுமானாலும் ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒடியாவில் கேட்கலாம். கன்னடக்காரர் கன்னடத்தில் கேட்கலாம்.

தேவைக்கு மேல் கேட்கக் கூடாது. சட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. செல்போன் மூலம் வைத்தியம் பார்க்கும் ஒரு கம்பெனி, நோயாளியின் செல்போனில் உள்ள மற்றவர்களின் எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. நோயாளி சரி என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்னாலும் அந்தச் சம்மதம் செல்லாது. ஏன்? வைத்தியம் செய்ய அந்த எண்கள் தேவையில்லை.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்.

காரியம் முடிந்த பிறகு விவரத்தை அழித்துவிட வேண்டும். வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதை மட்டும் வைத்துக் கொள்ளலாம்.

விவரம் திருட்டுப் போனால் மூடி மறைக்கக் கூடாது. சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதம் இல்லாமல் தெரிவிக்க வேண்டும்.

18 வயது ஆகாத பிள்ளைகளின் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

விவரத்தைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சட்டம் 2023இல் வந்தது. விதிகள் வர இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2025 நவம்பரில்தான் விதிகள் வெளியாயின. புகார்களை விசாரிக்கும் வாரியம் பற்றிய பிரிவுகள் உடனே அமலுக்கு வந்தன. ஆனால் கம்பெனிகளின் கடமைகளும் மக்களின் உரிமைகளும் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், அமலுக்கு வரும் என்று அந்த அறிவிப்புக் கூறியது.

பெரிய கம்பெனிக்குத் தயாராக அவகாசம் கிடைத்தது. தொழிலாளிக்கும் தெரிந்துகொள்ள அவகாசம் கிடைத்தது என்று எடுத்துக் கொள்ளலாம். அந்த அவகாசத்தை வீணாக்கக் கூடாது.

கடன்காரர் கையில் சொந்தக்காரர் எண்

விவரம் வெளியே போனால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்பார்கள். "ஏழைக்கு என்ன ரகசியம்?" என்பார்கள்.

ஏழைக்குத்தான் நஷ்டம் அதிகம்.

செல்போன் கடன் ஆப்களை எடுத்துக் கொள்ளலாம். சில ஆயிரம் ரூபாய் அவசரக் கடன். பத்து நிமிடத்தில் பணம் வந்துவிடும். ஆனால் கடன் வாங்கும்போதே செல்போனில் உள்ள எண்கள், படங்கள் எல்லாவற்றையும் சில ஆப்கள் எடுத்துக் கொண்டன. தவணை தவறினால் கடன் வாங்கியவரை மட்டும் கூப்பிடவில்லை. அண்ணனை, அத்தையை, மேஸ்திரியை, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஏசினார்கள். போட்டோவை அசிங்கமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்பினார்கள். மானத்துக்கு அஞ்சி நாட்டில் பலர் உயிரையே விட்டார்கள்.

இதைக் கண்டு ரிசர்வ் பாங்கி 2022 செப்டம்பரில் விதிகள் வெளியிட்டது. கடன் ஆப்கள் செல்போனில் உள்ள எண்களையும் படங்களையும் பேசிய விவரங்களையும் தொடக் கூடாது என்று கூறியது.

மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. 2025 பிப்ரவரியில் கர்நாடகம், கடன் வசூலில் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சில மாதங்களில் தமிழ்நாடும் அதே நோக்கத்துடன் சட்டம் இயற்றியது. எல்லையின் இரு பக்கத்துக்கும் இப்போது பாதுகாப்பு உண்டு.

இதிலிருந்து ஒரு உண்மை தெரிகிறது. மத்திய சட்டம் வரும்வரை மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியது இல்லை. மனம் வைத்தால் மாநிலமும் செய்யலாம்.

சட்டத்தில் மூன்று ஓட்டைகள்

2023ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஓசூர்த் தொழிலாளியின் கண்ணோடு பார்த்தால் அதில் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

முதல் ஓட்டை, நோட்டுப் புத்தகம்.

இந்தச் சட்டம் கம்ப்யூட்டரில் ஏறிய விவரத்துக்குத்தான் பொருந்தும். காகிதத்திலேயே இருந்துவிட்டால் பொருந்தாது. விடுதி வாசலில் காவலாளி மேஜை மேல் விரித்து வைத்திருக்கும் நோட்டில் பெயர், அறை எண், செல்போன் எண் எல்லாம் இருக்கின்றன. வருகிறவர் போகிறவர் யாரும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு இளம்பெண்ணின் எண்ணை அதிலிருந்து எழுதிக்கொண்டு இரவில் தொல்லை கொடுக்கிறவனைப் பற்றி இந்தச் சட்டத்தின் கீழ் விடுதி மீது புகார் சொல்ல முடியாது. காண்டிராக்டரின் பெட்டியில் கிடக்கும் ஜெராக்ஸ் கட்டும் அப்படியே.

இரண்டாவது ஓட்டை, முதலாளிக்குக் கொடுத்த விலக்கு.

வேலை சம்பந்தமான காரியங்களுக்கும், முதலாளிக்கு நஷ்டம் வராமல் தடுப்பதற்கும், தொழிலாளியின் சம்மதம் இல்லாமலே அவருடைய விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று ஏழாவது பிரிவு சொல்கிறது. சம்மதம் தேவையில்லை என்றால் சம்மதம் கேட்கும்போது கொடுக்க வேண்டிய அறிவிப்பும் தேவையில்லை. அதோடு நிற்கவில்லை. "என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்கும் உரிமையும், "தப்பாக இருக்கிறது, திருத்துங்கள்" என்று கேட்கும் உரிமையும் சம்மதம் கொடுத்தவருக்குத்தான் சட்டத்தில் தரப்பட்டிருக்கின்றன.

ஆக, கடையில் சோப்பு வாங்கியவருக்கு உள்ள உரிமை, அந்தச் சோப்பைத் தயாரித்த ஆலையில் வேலை செய்கிறவருக்கு இல்லாமல் போகலாம்!

மூன்றாவது ஓட்டை, நஷ்ட ஈடு.

250 கோடி ரூபாய் அபராதம் என்று கேட்டதும் பிரமிப்பாக இருக்கிறது. அந்தப் பணம் யாருக்குப் போகிறது? மத்திய அரசாங்கத்தின் கஜானாவுக்குப் போகிறது. விவரம் பறிகொடுத்தவருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

முன்பு அப்படி இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. கம்பெனியின் அஜாக்கிரதையால் நஷ்டம் அடைந்தவருக்குக் கம்பெனி ஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொல்லியது. புதிய சட்டம் முழுவதும் அமலுக்கு வரும்போது அந்தப் பிரிவை நீக்கிவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் கொண்டுவந்த பழைய மசோதாவில்கூட நஷ்ட ஈடு கேட்கும் உரிமை இருந்தது. அந்த மசோதா 2022இல் வாபஸ் ஆயிற்று. புதிய சட்டத்தில் அந்த உரிமை இல்லை.

மாடு திருடியவனுக்கு அபராதம் போட்டு, மாட்டைப் பறிகொடுத்தவனை வெறுங்கையோடு அனுப்பினால் அது என்ன நியாயம்?

முதலாளி தரப்பு நியாயம்

ஆலை நடத்துகிறவர்களின் பேச்சையும் கேட்க வேண்டும்.

சம்பளம் போடப் பாங்கிக் கணக்கு எண் வேண்டும். சேமநல நிதிக்கு ஆதார் வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப விவரம் வேண்டும். ஒருவர் கார்டில் இன்னொருவர் வந்து கையெழுத்துப் போடாமல் இருக்கக் கைரேகைக் கருவி வேண்டும். விபத்து நடந்தால் வீட்டாருக்குச் சொல்ல விலாசம் வேண்டும். இவை எல்லாம் நியாயமான தேவைகள். சில சமயம் தொழிலாளியின் நன்மைக்கே இவை தேவைப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால் மாதச் சம்பளமே தாமதம் ஆகிவிடும்.

சின்னப் பட்டறைக்காரருக்கு இன்னொரு கஷ்டம். பத்துப் பேரை வைத்து லேத்துப் பட்டறை நடத்துகிறவர், விவரப் பாதுகாப்புக்கு என்று தனி ஆள் வைக்க முடியாது.

இதெல்லாம் உண்மையே. ஆனால் சம்மதம் கேட்காமல் இருப்பது வேறு. சொல்லாமல் இருப்பது வேறு.

"உன் கைரேகையை வருகைப் பதிவுக்காக எடுக்கிறோம். நீ வேலையை விட்டதும் அழித்துவிடுவோம். வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க என்ன செலவு ஆகும்? தமிழில் ஒரு பக்கம். கன்னடத்தில் ஒரு பக்கம். இந்தியில் ஒரு பக்கம். நோட்டை மூடி மேஜை அறைக்குள் வைக்கப் பூட்டு ஒன்று போதும். இதற்கு எந்தப் பட்டறையும் நொடித்துப் போகாது.

நல்ல முதலாளிகளுக்கு இதனால் லாபமும் உண்டு. தொழிலாளியிடம் நம்பிக்கை வளரும்.

கானடா காட்டும் வழி

கானடா நாட்டில் மத்திய அரசாங்கத்தின் சட்டமும் உண்டு. மாகாணங்களின் சட்டங்களும் உண்டு.

கியூபெக் மாகாணம் தனியார் கம்பெனிகள் வைத்திருக்கும் விவரங்களைப் பற்றி 1993ஆம் ஆண்டே சட்டம் இயற்றிவிட்டது. அல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய இரு மாகாணங்களின் சட்டங்கள் 2004ஆம் ஆண்டு அமலுக்கு வந்தன.

அந்த இரு மாகாணங்களில் முதலாளி, வேலைக்குத் தேவையான விவரத்தைச் சம்மதம் இல்லாமல் வாங்கலாம். ஆனால் முன்கூட்டியே தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். எதற்காக என்றும் சொல்ல வேண்டும். தொழிலாளிக்குக் குறை இருந்தால் மாகாணக் கமிஷனரிடம் புகார் செய்யலாம். முதலாளிக்கும் காரியம் நடக்கிறது, தொழிலாளிக்கும் கௌரவம் இருக்கிறது.

தமிழர்கள் ஏராளமாக வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லை. ஆகவே அங்கே ஆலைத் தொழிலாளியின் விவரத்துக்குப் பாதுகாப்பில் ஒரு இடைவெளி இருந்தது. அதில் ஒரு பகுதியைத் தொழிலாளர் சட்டத்தின் மூலம் அடைத்தார்கள். 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், தொழிலாளரைக் கருவிகள் மூலம் கண்காணிப்பது பற்றி எழுத்து மூலமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு விதித்தார்கள்.

தமிழ்நாடு செய்ய வேண்டியது

தமிழ்நாடும் இதே வழியில் போகலாம். தொழிலாளர் நலம் நமது அரசியல் சட்டத்தில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநில சட்டசபையும் அதில் சட்டம் இயற்றலாம். 2023ஆம் ஆண்டுச் சட்டமும், மற்றச் சட்டங்களோடு சேர்ந்தே தான் இயங்கும் என்று கூறுகிறது. முரண்பாடு வந்தால்தான் மத்திய சட்டம் முந்தும். கூடுதலாகப் பாதுகாப்புக் கொடுப்பதற்கு இடம் இருக்கிறது.

தமிழ்நாடு இப்படிப்பட்ட காரியத்தில் முன்பும் வழிகாட்டியிருக்கிறது. கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்தவர்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. கேரளத்துக்கு அடுத்தபடி அந்த உரிமையைக் கொடுத்தது தமிழ்நாடுதான். நாற்காலி கொடுத்த அரசாங்கம், விவரத்துக்கு ஒரு பூட்டும் கொடுக்கலாம்.

விடுதிகளைப் பொறுத்தவரையில் சட்டம் கையிலேயே இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. விடுதிகள் பதிவு செய்து உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் பதிவேட்டைப் பூட்டி வைப்பதையும், காமிரா எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்பதையும், படங்களை யார் பார்க்கலாம் என்பதையும் தெளிவாகச் சேர்க்கலாம்.

இது வீண் கவலை அல்ல. 2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் காமிரா வைக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. பெண்கள் திரண்டு போராடினார்கள். போலீசார் வழக்குப் பதிவு செய்து கைது செய்தார்கள். குற்றம் நடந்த பிறகு போலீஸ் வருவது அவசியம். நடக்காமல் தடுப்பது அதைவிட அவசியம். பெண் பிள்ளையை நூற்றுக்கணக்கான மைல் தூரம் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அந்த உறுதி வேண்டும்.

ஆகவே மாநில அரசாங்கம் செய்ய வேண்டியவை மூன்று. வேலைக்குச் சேரும்போது, என்ன விவரம் எதற்காக வாங்கப்படுகிறது என்று தொழிலாளியின் மொழியில் எழுதிக் கொடுப்பதைக் கட்டாயம் ஆக்க வேண்டும். காகித நோட்டுக்கும் ஜெராக்ஸ் கட்டுக்கும் பாதுகாப்பு விதிகள் செய்ய வேண்டும். காண்டிராக்டர் வேலையை விட்டுப் போகும்போது தொழிலாளர்களின் விவரங்களை அழித்ததற்கு அத்தாட்சி கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மத்திய அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று. நஷ்ட ஈட்டு உரிமையைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருந்தே தொடங்கலாம்

சட்டம் வரும்போது வரட்டும். குடும்பங்கள் இன்றே செய்யக் கூடியவை சில உண்டு.

விவரம் கேட்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எதற்காக? எத்தனை நாளைக்கு? வேறு யாருக்குக் கொடுப்பீர்கள்? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது அதன் மேலேயே, எந்தக் காரியத்துக்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினம் ஆகும்.

முழு எண்ணும் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எடுக்கலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

ஒருவர் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று மத்திய அரசாங்கத்தின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். தனக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

செல்போனில் வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பாங்கி மானேஜர் என்று சொன்னாலும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கைவிட்டுப் போய்விடும்.

வேலையை விட்டு வரும்போது சம்பளப் பாக்கியைக் கேட்பதுபோல, கொடுத்த நகல்களையும் கேட்க வேண்டும்.

படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். சம்மதம் என்று எழுதிய பொத்தானை அழுத்துவதற்கு முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். பள்ளிக்கூடப் படிப்புக்கு அதைவிட நல்ல பயன் வேறு என்ன?

சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சம்பள உயர்வு, போனஸ் ஆகியவற்றோடு விவரப் பாதுகாப்பையும் பேச்சுவார்த்தையில் சேர்க்க வேண்டும். ஒரு தொழிலாளி தனியாகக் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். பலர் சேர்ந்து கேட்டால் பயம் இல்லை.

நிலத்தை விற்றால் இன்னொரு நிலம் வாங்கலாம். போன பணத்தைச் சம்பாதிக்கலாம். செல்போன் எண்ணைக்கூட மாற்றிக் கொள்ளலாம். ஆனால் கைரேகை ஒன்றுதான். முகம் ஒன்றுதான். அவற்றின் நகல் தவறான கையில் சிக்கினால் புதிதாக வாங்கிக் கொள்ள எந்தக் கடையிலும் முடியாது.

அதனால்தான் அவற்றை வாங்கி வைத்திருப்பவர், பிறர் நகையை வைத்திருப்பவர்போல நடக்க வேண்டும். கொடுத்தவரும் நகையைக் கொடுத்தவர்போலக் கணக்குக் கேட்க வேண்டும்.